சபைக் கணக்கு: அன்றும் இன்றும்

1780ஆம் ஆண்டில் பாளையங்கோட்டைச் சபையின் பதிவேட்டில் 40 பேர் இருந்தார்கள். முதல் பெயர் குளோரிந்தா. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற பிராமண விதவை அவர். 1785இல் அவர் முன்னின்று கட்டிய சிறு ஆலயத்தைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று பாளையங்கோட்டையில் இன்றும் சொல்கிறார்கள். திருநெல்வேலித் திருச்சபையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்த 40 பேரைச் சொல்லாமல் மேலே போவதில்லை. பெரும்பாலும் அடுத்த பக்கத்தில் ஆயிரங்களும் அதற்கடுத்து இலட்சங்களும் வந்துவிடும். நான் அந்த முதல் பக்கத்திலேயே சற்று நிற்க விரும்புகிறேன். 40 பேர் என்றால் யார் வீட்டில் அடுப்பெரியவில்லை, யாருக்குக் காய்ச்சல், யார் யாரோடு பேசுவதில்லை என்பது பதிவேட்டை வைத்திருந்தவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. சபைக் கணக்கு அன்று அப்படித்தான் தொடங்கியது.

இன்று ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்ன நடக்கிறது? பாட்டு ஓய்வதற்குள் ஒருவர் மாடியில் நின்று தலைகளை எண்ணிவிடுகிறார். காணிக்கைப் பைகள் வெஸ்ட்ரி மேசையில் கவிழ்கின்றன. தென்னிந்தியத் திருச்சபையைச் (சி.எஸ்.ஐ.) சேர்ந்த சபையானால் ஆராதனைப் பதிவேட்டில் நற்கருணை எடுத்தவர்களின் எண்ணிக்கையும் காணிக்கைத் தொகையும் ஏறும். தனிச் சபையானால் முதல் ஆராதனை, இரண்டாம் ஆராதனை, யூடியூப் நேரலை என்று மூன்று எண்கள் பாஸ்டரின் வாட்ஸ்அப்புக்குப் போய்ச் சேரும். இரண்டு ஊழியர்கள் சந்தித்துக்கொண்டால், “உங்க சபையில எத்தனை குடும்பம்?” என்பதுதான் முதல் விசாரிப்பு. ஐந்நூறு என்கிறவர் நிமிர்ந்து சொல்கிறார். ஐம்பது என்கிறவரின் குரல் இறங்கிவிடுகிறது. இறங்கிய அந்தக் குரலை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர்களில் பலர் மழையிலும் வெயிலிலும் கிராமம் கிராமமாக அலைந்து உழைத்தவர்கள். அவர்கள் வெட்கப்பட வேண்டிய நிலையை உண்டாக்கியது நம் கணக்கு முறை.

எண்ணுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. வேதாகமத்தில் ஒரு புத்தகத்துக்கே எண்ணாகமம் என்று பெயர். பெந்தெகொஸ்தே நாளில் மூவாயிரம் பேர் சேர்ந்ததை லூக்கா குறித்து வைக்கிறார். அதே வேதாகமத்தில், தன் படையில் எத்தனை பேர் என்று பார்க்க ஜனத்தை எண்ணிய தாவீதின் செயல் கொள்ளைநோயில் முடிகிறது. நூறு ஆடுகளில் ஒன்று குறைந்ததை மேய்ப்பன் அறிந்ததும் எண்ணிப் பார்த்ததால்தான். ராஜாவும் எண்ணினான், மேய்ப்பனும் எண்ணினான். ராஜாவுக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது கேள்வி. மேய்ப்பனுக்கு யார் இல்லை என்பது கேள்வி.

திருநெல்வேலி இந்த வேறுபாட்டை மிக ஆரம்பத்திலேயே பெரும் விலை கொடுத்துப் படித்தது. 1799இல் உபதேசியார் சுந்தரானந்தம் தாவீதின் உழைப்பில் முதலூர் என்ற கிறிஸ்தவக் குடியிருப்பு தோன்றியது. 1802, 1803 ஆண்டுகளில் மிஷனெரி கெரிக்கே ஐயரும், இந்த மண்ணில் ஊழியம் செய்த சத்தியநாதன் ஐயரும் ஊர் ஊராகப் போய் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். குறுகிய காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். அந்த எண்ணை அறிக்கையில் படித்த எந்த மிஷனெரி சங்கத்துக்கும் நெஞ்சு நிறைந்திருக்கும். 1803 முடிவதற்குள் கெரிக்கே இறந்துபோனார். அதற்குப் பிறகு துன்புறுத்தல் வந்தது, கொள்ளைநோய் வந்தது, கவனிக்க ஆள் போதவில்லை. 1816இல் பாளையங்கோட்டைக்குப் பட்டாளத்துக் குருவாக வந்த ஜேம்ஸ் ஹஃப் ஐயர் விசாரித்தபோது, அறுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் சிதறிக் கிடந்தவர்கள் சுமார் 3,000 பேர்.

இதைச் சரிவு என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்ப்பதில்லை. குருமார் எப்போதாவது எட்டிப் பார்த்த நிலையில், நாட்டு உபதேசிமார் சிலரை மட்டுமே நம்பி, அடி வாங்கியும் நோயில் பிள்ளைகளைப் பறிகொடுத்தும் பதின்மூன்று ஆண்டுகள் நின்றவர்கள் அந்த 3,000 பேர். இன்றைய திருநெல்வேலி, தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலங்கள் 1803இன் அறிக்கை மேல் எழும்பவில்லை. 1816இல் நின்றவர்கள் மேல் எழும்பின.

1820இல் மிஷனெரியாக வந்த ரேனியஸ் ஐயரின் காலத்தில் சபை பத்தாயிரத்தைத் தாண்டியது. அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த எண்ணில்தான் தொடங்குவார்கள். அவர் உண்டாக்கிய ஏற்பாடுகளைப் பாருங்கள். மதம் மாறியதற்காக நிலத்திலிருந்தும் வீட்டிலிருந்தும் துரத்தப்பட்டவர்களுக்கு மனை வாங்கித் தர 1830இல் தரும சங்கம் வைத்தார். உபதேசியார் இறந்துவிட்டால் அவர் மனைவி பிச்சை எடுக்கக் கூடாது என்று விதவைகள் நிதி வைத்தார். ஊர்தோறும் பள்ளிக்கூடம் தொடங்கினார். அந்நாளில் சபையின் ஆள்பலம் என்றால் உபதேசியார்தான். விடிகாலையும் அந்தியும் மணியடித்து ஜெபம் நடத்துவார், பகலில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பார், வீடு வீடாகப் போவார். மாதம் ஒருமுறை பாளையங்கோட்டைக்கு நடந்து வந்து ரேனியஸ் ஐயரிடம் ஊர்ச் சமாச்சாரம் சொல்வார், பாடம் கேட்பார். குருமாரும் உபதேசிமாரும் தினசரிக் குறிப்பு எழுதிய காலம் அது. யாரோடு பேசினார், யார் மறுத்தார், யார் அழுதார் என்பதெல்லாம் அந்தக் குறிப்புகளில் இருக்கும்.

அன்று ஆண்டுதோறும் லண்டனிலிருந்த மிஷனெரி சங்கங்களுக்குப் போன புள்ளிவிவரத் தாளும் கவனிக்கத் தக்கது. ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஒரு பத்தி. இன்னும் பெறாமல் போதனையில் இருப்பவர்கள் ஒரு பத்தி. நற்கருணைக்குத் தகுதி பெற்றவர்கள் மூன்றாவது பத்தி. பள்ளியில் ஆண்பிள்ளைகள், பெண்பிள்ளைகள் தனித்தனி. சபையார் தங்கள் கையிலிருந்து கொடுத்தது தனி. வீட்டில் உலை வைக்கும்போது பெண்கள் எடுத்து வைத்த பிடியரிசி விற்ற காசும் கடைசியாகச் சொன்ன அந்தப் பத்தியில்தான் வந்து சேர்ந்தது. போதனையில் இருப்பவர் ஞானஸ்நானத்துக்கு வந்தாரா, ஞானஸ்நானம் பெற்றவர் நற்கருணைக்கு வந்தாரா, அவர் மகள் பள்ளிக்கு வந்தாளா என்று ஒருவர் நடந்த பாதையைப் பத்திக்குப் பத்தி தொடர்ந்து பார்க்க முடிந்தது. இன்று நம் கையில் இருப்பது ஒரே பத்தி: வந்தவர்கள்.

அன்றைய கணக்கைப் பொற்காலமாக்கிவிடவும் கூடாது. லண்டனிலிருந்து வரும் பணத்துக்கும் இங்கிருந்து போகும் எண்ணுக்கும் தொடர்பு இருந்தது. 1877–78 பஞ்சத்தில் ஆயிரக்கணக்கானோர் போதனை கேட்டு வந்தார்கள். பசியில் வந்தவர் யார், விசுவாசத்தில் வந்தவர் யார் என்ற கேள்வி இடையன்குடியில் இருந்த கால்டுவெல் போன்றவர்களைத் தூங்கவிடாத கேள்வி. சாதி கோயிலுக்குள்ளும் கல்லறைத் தோட்டத்திலும் உட்கார்ந்திருந்தது. அதற்கென்று எந்தத் தாளிலும் பத்தி இல்லை.

அறிக்கைக்கும் உண்மைக்கும் நடுவில் இருந்த இந்த இடைவெளியை நேருக்கு நேர் சொன்னவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். பிற்காலத்தில் டோனாவூரில் வேர்விட்ட அவர், திருநெல்வேலிக் கிராமங்களில் பெண்களைச் சந்தித்த அனுபவத்தை உள்ளபடி எழுதி அனுப்பினார். கதவைச் சாத்தியவர்கள், கேட்டுவிட்டு மறந்தவர்கள், வர விரும்பியும் வீட்டாரால் அடைக்கப்பட்ட பெண்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். உற்சாகமூட்டும்படி மாற்றி எழுதச் சொல்லிக் கைப்பிரதி திரும்பி வந்தது. அவர் மாற்றவில்லை. நேரில் வந்து பார்த்த நண்பர்கள் வற்புறுத்தியதால் அது 1903இல் ‘திங்ஸ் அஸ் தே ஆர்’ என்ற பெயரில் வெளியானது. உள்ளது உள்ளபடி என்பதுதான் தலைப்பு. வெற்றிக் கதைகளையே கேட்டுப் பழகிய வாசகர்கள் அதை நம்பத் தயங்கினார்கள். நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகும் நம் ஊழிய மாத இதழ்களில் அத்தகைய அறிக்கை அச்சேறுமா? இந்த மாதம் மூன்று கிராமங்களுக்குப் போனோம், ஒருவரும் கேட்கவில்லை, ஒரு வீட்டில் மட்டும் தண்ணீர் கொடுத்தார்கள் என்று எழுத ஓர் ஊழியருக்குத் துணிவு வர வேண்டும். அதைப் படித்துவிட்டுக் காணிக்கையை நிறுத்தாத ஆதரவாளரும் வேண்டும்.

அதே 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அதன் கர்த்தாக்களில் முதன்மையானவர். ஒய்.எம்.சி.ஏ. செயலராக யாழ்ப்பாணம் போயிருந்தபோது, அங்கே சிறு கூட்டமாக இருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் செலவில் வெளியூருக்கு ஊழியரை அனுப்புவதைக் கண்டு அவர் உள்ளம் குத்தப்பட்டது. ஆயிரம் ஆயிரமாகப் பெருகிய திருநெல்வேலி யாரை அனுப்பியது என்று கேட்டுக்கொண்டார். சபைக்குள் எத்தனை பேர் வருகிறார்கள் என்ற கேள்வியை அவர் திருப்பிப் போட்டுவிட்டார். சபையிலிருந்து எத்தனை பேர் போகிறார்கள் என்பது அவர் கேள்வி. சங்கத்தின் முதல் மிஷனெரி நிஜாம் ராஜ்யத்தின் தோர்ணக்கல் பகுதிக்குப் போனார். 1912இல் அந்த இடத்துக்கே அசரியா பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்.

தோர்ணக்கல்லில் கூட்டம் கூட்டமாக மக்கள் சேர்ந்தார்கள். ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் தங்கள் கையைத் தங்கள் தலைமேல் வைத்து, நற்செய்தி சொல்லாமல் இருந்தால் எனக்கு ஐயோ என்ற பவுலின் கருத்தைத் தங்கள் வாயால் சொல்ல வேண்டும் என்று அசரியா வைத்திருந்தார். படிப்பறிவில்லாத கூலிக்காரரும் அதைச் சொன்னார். கூட்டத்தில் ஒரு தலையாக எண்ணப்பட வேண்டியவர், தானே தன் தலையைத் தொட்டுப் பொறுப்பேற்கிற அந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி வேண்டும் என்ற கோரிக்கையை அசரியா எதிர்த்ததையும் இதோடு சேர்த்தே நினைக்கிறேன். தலைகளை வைத்து இடங்கள் கேட்கும் ஒரு சமூகக் கட்சியாகத் திருச்சபை சுருங்கிவிடும் என்று அவர் அஞ்சினார்.

இந்தக் கூட்ட இயக்கங்களால் உண்மையில் என்ன விளைந்தது என்று ஆராய, அசரியா தலைவராக இருந்த தேசியக் கிறிஸ்தவ மன்றம் மிஷனெரி வாஸ்கம் பிக்கெட்டிடம் பொறுப்புக் கொடுத்தது. 1933இல் அவர் ஆய்வு நூலாக வந்தது. குடும்பத் தலைவர்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளைப் பாருங்கள். கர்த்தரின் ஜெபம் தெரியுமா, பேய் பிசாசுப் பயம் விட்டதா, தாயத்து கட்டுகிறீர்களா, குடி உண்டா, காணிக்கை கொடுக்கிறீர்களா. ஆராதனைக்கு வருவது இவற்றில் ஒன்று, அவ்வளவுதான். வந்த முடிவும் முக்கியமானது. ஒருவர் எந்த நோக்கத்தோடு வந்தார் என்பதைவிட, வந்த பிறகு அவருக்குக் கிடைத்த போதனையும் கவனிப்புமே அவர் வாழ்க்கையைத் தீர்மானித்தது. கால்டுவெல் காலத்துக் கேள்விக்கு அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த பதில் என்று இதைச் சொல்லலாம்.

அங்கிருந்துதான் பாதை பிரிந்தது. பிக்கெட்டால் தூண்டப்பட்டவர் டொனால்ட் மெக்காவ்ரன். 1897இல் மத்திய இந்தியாவின் தமோவில் பிறந்தவர், மிஷனெரி. இத்தனை பணமும் ஆளும் செலவழித்தும் பல இடங்களில் சபை ஏன் வளரவில்லை என்று அவர் கேட்டது நேர்மையான கேள்வி. 1955இல் அவர் நூல் வந்தது. 1965இல் அமெரிக்காவின் ஃபுல்லர் செமினரியில் சபை வளர்ச்சிக்கென்று தனிப் பள்ளியே ஏற்பட்டது. பிறகு அந்தச் சிந்தனை கருத்தரங்குகளாகவும் கையேடுகளாகவும் நம்மிடம் திரும்பி வந்தபோது, பிக்கெட்டின் பல கேள்விகள் வழியில் உதிர்ந்துவிட்டன. எத்தனை பேர் என்பது மட்டும் வந்து சேர்ந்தது.

அந்தப் பாதையில் வெகுதூரம் போனவர்களே நின்று யோசித்ததும் உண்டு. சிகாகோ அருகே 1975இல் தொடங்கிய வில்லோ கிரீக் சபை, பல்லாயிரம் பேர் வரும் சபை. 2007இல் தன் சொந்த மக்களிடம் எடுத்த ஆய்வை அது வெளியிட்டது. சபை நிகழ்ச்சிகளுக்கு அதிகம் வருவதால் மட்டும் கடவுள்மேலும் பிறர்மேலும் அன்பு வளர்ந்துவிடுவதில்லை என்று ஒப்புக்கொண்டது. அவ்வளவு பெரிய சபை அதைப் பகிரங்கமாகச் சொன்னது மரியாதைக்குரிய செயல்.

நம் ஊருக்கு வருகிறேன். சி.எஸ்.ஐ. சபைகளில் இன்று மிகக் கவனமாகச் சரிபார்க்கப்படும் எண் ஞாயிறு வருகைகூட அல்ல, வாக்காளர் பட்டியல். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திருமண்டலத் தேர்தல் வரும்போது யார் பெயர் சேர்ந்தது, யார் பெயர் விடுபட்டது, யாருக்குச் சந்தா பாக்கி என்று ராத்திரி பகலாக உட்கார்ந்து பார்க்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் பேரனின் பெயர்வரை தேடிப் பிடிக்கிறார்கள். அந்த உழைப்பில் பத்தில் ஒரு பங்கு, ஆறு மாதமாக வராத ஒரு விதவையைத் தேடிப் போவதில் காட்டப்பட்டிருந்தால் எத்தனையோ வீடுகள் பிழைத்திருக்கும்.

தெற்கே ஒரு சேகரத்தில் எனக்குத் தெரிந்த குருவானவர் ஒருவர், பெரிய கல்வெட்டுகளில் பெயர் வராதவர், நீள நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். கடையில் கிடைக்கும் சாதாரண நோட்டுதான், அரக்கு நிற அட்டை. கோடு போட்டு நான்கு பத்தி: பெயர், கடைசியாக நற்கருணை எடுத்த நாள், வீட்டுக்குப் போன நாள், காரணம். வந்தவர்களை அதில் அவர் எழுதுவதில்லை. காரணப் பத்தியில் இரண்டு மூன்று சொற்கள்தான் இருக்கும். ‘மகன் குடி.’ ‘நகை அடகு, கழுத்து வெறும்.’ ‘கண் ஆபரேஷன், கூட்டிவர ஆள் இல்லை.’ ‘அண்ணன் தம்பி வழக்கு, இருவரும் வரவில்லை.’ இவற்றுக்கு நடுவில் திரும்பத் திரும்ப ஒரு காரணம்: ‘போர்டு.’

கேட்டபோது விளக்கினார். ஆலய வாசலில் சந்தா பாக்கிக்காரர்களின் பெயரைத் தொகையோடு எழுதிப் போடுவது அந்தச் சபையில் நெடுங்கால வழக்கம். பனையேறுகிற வேலை ஏறக்குறைய நின்றுபோய், பீடி சுற்றியும் நூறு நாள் வேலைக்குப் போயும் பிழைக்கிற வீடுகள். ஒரு வயதான அம்மாவை அவர் வீட்டில் போய்ப் பார்த்திருக்கிறார்.

“ஏன் ஆச்சி, கோயிலுக்கு வாறதே இல்லையே?”

“போர்டுல பேரு கிடக்கும்போது எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஐயா வர? நான் செத்தாக்கூட பாக்கியக் கட்டுனாத்தான மணியடிப்பீய?”

அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை. பல சபைகளில் கல்யாண ஓலை வாசிப்பதற்கும் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுவதற்கும் முன் சந்தாக் கணக்கைப் பார்க்கிறார்கள் என்பது நம் எல்லாருக்கும் தெரிந்ததே. எடுத்த கணக்கே மக்களைத் துரத்தியிருக்கிறது. கமிட்டியில் மூன்று கூட்டம் சண்டை போட்டு அந்த போர்டை அவர் எடுக்க வைத்தார். சந்தா வரவு விழுந்துவிடும் என்று பயமுறுத்தினார்கள். அவர் வீடு வீடாகப் போய் உட்கார்ந்தார். பணம் கேட்கவில்லை. சிலர் வந்தார்கள், சிலர் இன்னும் வரவில்லை. ஆண்டறிக்கையில் அவர் சேகரத்தின் வருகை எண்ணிக்கை பெரிதாக உயர்ந்துவிடவில்லை. அவரைப் பெரிய நகரச் சபைக்கு யாரும் கூப்பிடவும் இல்லை. ஆனால் வழக்குப் போட்ட அண்ணன் தம்பி இருவரும் இப்போது ஒரே பெஞ்சில் உட்காராவிட்டாலும் ஒரே ஆராதனைக்கு வருகிறார்கள். இதை எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

கிராமச் சபைகளில் வருகை எண்ணிக்கை குறைவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைப் பலர் தோல்வி என்று தவறாக எழுதிக்கொள்கிறார்கள். முதலூர், மெய்ஞ்ஞானபுரம், நாசரேத், சாயர்புரம், இடையன்குடி போன்ற ஊர்களில் சபை நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலாகப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தது. அந்தப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் சென்னையிலும் மும்பை தாராவியிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள், ஆசிரியர்களாக, செவிலியர்களாக, கணக்கர்களாக. அங்கேயுள்ள தமிழ்ச் சபைகளில் பாடகர் குழுவும் ஞாயிறு பள்ளியும் பல இடங்களில் இவர்களால் நடக்கின்றன. ஊரில் மிஞ்சியிருப்பது வயதானவர்கள். பள்ளிக்கூடம் நன்றாக நடந்ததால் காலியான பெஞ்சுகள் இவை. அந்த ஊர்க் குருவானவர் எழுபது பேருக்குப் பிரசங்கம் செய்கிறார் என்றால், அவருடைய சபை எழுபது பேர் மட்டும் அல்ல.

அசனப் பண்டிகையன்று இது கண்ணுக்குத் தெரியும். எல்லா ஊரிலிருந்தும் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். முந்தின ராத்திரியே ஆண்கள் அடுப்பு வெட்டி, அண்டா ஏற்றி, ஆட்டுக்கறி வெட்ட உட்கார்ந்துவிடுவார்கள். சோற்றைப் பாயில் மலைபோல் கொட்டி ஆவி பறக்க ஜெபம் செய்து, பந்தி பரிமாறுவார்கள். அன்றைக்கு வருகிற கூட்டம்தான் ஆண்டிலேயே பெரிய கூட்டம், மறுவாரம் இதழில் வருகிற எண்ணும் அதுதான். நான் பார்ப்பது வேறு. பக்கத்துத் தெருக்காரர்கள், முன்பு தனியே உட்கார வைக்கப்பட்டவர்கள், இப்போது எந்தப் பந்தியில் உட்காருகிறார்கள்? அவர்கள் வீட்டுப் பையன் கரண்டி பிடித்துப் பரிமாறினால் எல்லாரும் வாங்கிச் சாப்பிடுகிறார்களா? சில ஊர்களில் ஆம். அந்த ஊர்களில் ஊழியம் வென்றிருக்கிறது. சில ஊர்களில் இன்னும் இல்லை. அங்கே எத்தனை ஆயிரம் பேர் சாப்பிட்டிருந்தாலும் சுவிசேஷம் இன்னும் தெரு எல்லையிலேயே நிற்கிறது.

ஒற்றைச் சிறுவனிடம் தொடங்கிய ஊழியமும் இந்த மண்ணில் உண்டு. 1890ஐ ஒட்டி ஆஸ்க்வித் அம்மையார் பாளையங்கோட்டையில் பார்வையற்ற ஒரு பையனுக்கு எழுத்துக் கற்றுக் கொடுக்க உட்கார்ந்தார். அந்த ஆண்டின் அறிக்கையில் அது எத்தனையாவது வரியில் வந்திருக்கும்? பார்வையற்றோர் பள்ளியாக அது வளர்ந்து, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைத் தங்கள் காலில் நிற்க வைத்தது.

2020 மார்ச் 22 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொரோனா பரவியதால் அன்று மக்கள் ஊரடங்கு. நாட்டின் பெரும்பாலான ஆலயங்களில் வருகை பூஜ்யம். ஏப்ரல் 12 ஈஸ்டர், அன்றும் பூஜ்யம். தமிழ்நாட்டில் பெரிய ஆலயங்கள் செப்டம்பர் முதல் தேதிதான் திறந்தன. வருகையை வைத்துத் தன்னை அளந்துகொண்ட சபைகளுக்கு அந்த ஐந்து மாதங்களில் அளக்க ஒன்றுமே இல்லை. சில இடங்களில் கேமரா முன் நின்று எண்ணைத் தேடினார்கள். வேறு சில இடங்களில் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் குடும்பப் பதிவேட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து போன் போட்டார்கள். யார் வீட்டில் அரிசி இல்லை, யாருக்கு மாத்திரை வேண்டும், யார் தனியாக இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். பல ஆண்டுகளாகக் கோயிலுக்கு வராதவர்களின் எண்ணும் அந்தப் பதிவேட்டில் இருந்தது. அவர்களுக்கும் போன் போனது. 1780இன் பதிவேடு எதற்காக எழுதப்பட்டதோ, அந்த வேலையை நம் பதிவேடுகள் அந்த மாதங்களில் செய்தன. கதவு திறந்த பிறகு பெரும்பாலான இடங்களில் அந்தப் பழக்கம் நின்றுவிட்டது. மறுபடியும் மாடியில் நின்று தலை எண்ணத் தொடங்கிவிட்டோம்.

இதைப் படிக்கிறவர்களில் சேகர மன்ற உறுப்பினர்கள் இருப்பீர்கள், மூப்பர்கள் இருப்பீர்கள், ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் இருப்பீர்கள். வருகைக் கணக்கை நிறுத்தச் சொல்லவில்லை. இந்த மாதக் கூட்டத்தில் வருகை, காணிக்கை வரிகளுக்குக் கீழே இன்னும் மூன்று வரி சேருங்கள்: மூன்று மாதமாக வராதவர்கள் யார், அவர்களை யார் போய்ப் பார்த்தார், போனவர் என்ன தெரிந்துகொண்டார். சந்தா பாக்கிப் பலகை உங்கள் ஆலயத்தில் தொங்குமானால் அதை முதலில் இறக்குங்கள். உங்கள் குருவானவர் ஐம்பது குடும்பம் என்று சொல்லும்போது குரல் இறங்கினால், அந்த ஐம்பதில் எத்தனை வீட்டுக்குள் அவர் போயிருக்கிறார் என்று கேளுங்கள். போகாத வீடுகளுக்கு அவரைத் தனியே அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள்.